மூன்று மிஸ்டு கால்

"சாப்ட்டுட்டு மறுபடியும் எங்கே போயிருந்தேள்?"

கதவைத் திறந்தபடியே சுப்ரியா கேட்டாள். குரலில் தூக்கக் கலக்கம் இருந்தது, கோபம் இல்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கல்யாணராமன் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான். மத்தியானம் ஆபீஸ் காண்டீனில் இரண்டு பழம்பொரியும் ஒரு சாயாவும் உள்ளே போனதோடு சரி, அதற்குப் பிறகு அவன் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குத்திப் பேச யாரும் சொல்லித்தர வேண்டாம். நேரத்துக்கு வீடு வந்து சேராத புருஷனை 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் அது மற்ற தெருக்காரிகளின் பேச்சு. 'வந்துவிட்டு மறுபடியும் எங்கே போனேள்' என்று கேட்டால்தான் அது இந்தத் தெருப் பேச்சு. வாழைப்பழத்தில் ஊசி. குத்தியதை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அடுக்களையில் பாத்திரமெல்லாம் துலக்கிக் கவிழ்த்திருந்தது. அவனுக்கென்று மூடி வைத்த தட்டைக் காணோம். எத்தனை சண்டை போட்டாலும் மோர் சாதமும் ஒரு துண்டு ஊறுகாயுமாவது மூடி வைத்துவிட்டுத்தான் அவள் படுக்கப் போவாள். சரி, கோபம் முற்றிப் பழுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். கூஜாவிலிருந்து தண்ணீரைச் சரித்துக் குடித்துவிட்டு, இருட்டில் தடவிக்கொண்டே கட்டிலுக்குப் போய்ப் படுத்தான்.

படுக்கையில் அவன் பக்கம் சூடாக இருந்தது.

வெயில் பட்ட சூடு இல்லை. யாரோ ஓர் ஆள் வெகுநேரம் மல்லாந்து கிடந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன சூடு. தோளும் இடுப்பும் இருந்த இடத்தில் மெத்தை குழிந்திருந்தது. தலையணையில் அவன் தடவுகிற அதே எண்ணெய் வாசனை, கூடவே சந்தன சோப்பு வாசனை. கௌசிக் வந்து படுத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டான். கௌசிக்குக்கு எட்டு வயது. அவன் உடம்பு இவ்வளவு பெரிய குழி போடாது. அதை யோசிப்பதற்குள் அசதி இமையைப் பிடித்து இழுத்துவிட்டது.

ஸ்டாச்யூ ஜங்ஷன் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியின் தலைமை அலுவலகத்தில் கல்யாணராமன் கம்ப்யூட்டர் பகுதிக்குப் பொறுப்பாளன். மாவட்டம் பூராவும் இருந்த கிளைகளின் கணக்குகள் ஒரே ஒரு சர்வரில் இருந்தன. அந்த ஒன்று படுத்துவிட்டால் வித்துராவில் ரப்பர் ஷீட் விற்ற பணத்தை எடுக்க வந்தவன்கூடக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். படுத்ததை எழுப்பத் தெரிந்தவன் இவன் ஒருவன். தகப்பனாரின் பத்தாம் நாள் காரியத்தின்போது ஈர வேஷ்டியோடு நின்று ஃபோனில் ஆபீஸ்காரனுக்கு வழி சொல்லியிருக்கிறான். கௌசிக் பிறந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இல்லாமல் சர்வர் பக்கத்தில் இருந்திருக்கிறான். ஆபீஸில் இதற்கு டெடிகேஷன் என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை கைதட்டல் உண்டு, பதவி உயர்வு கிடையாது. வீட்டில் இதற்கு வேறு பெயர் இருந்தது, அதை சுப்ரியா வாய்விட்டுச் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்தில் நிர்வாகத்துக்குத் திடீரென்று புத்தி வந்தது. ஒன்றுக்கு இரண்டு சர்வராக வாங்கி, இரண்டையும் சேர்த்து க்ளஸ்டர் போடச் சொன்னார்கள். ஒன்று வேலை செய்யும், மற்றது பக்கத்தில் சும்மா விழித்துக்கொண்டு நிற்கும். முதலாவது போனால் அடுத்தது அதன் பெயரையும் விலாசத்தையும் எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆர்டர் வந்த அன்றைக்கே கல்யாணராமன் வீட்டில் வாக்குக் கொடுத்தான்.

"இந்த ரெண்டும் ஒழுங்கா நின்னுடுத்துன்னா பின்னே என்னை யாரும் தேடமாட்டா. விளக்கு வெக்கற நேரத்துக்கு ஆத்துல இருப்பேன்."

"இருந்தாச் செரி" என்றாள் சுப்ரியா.

அவனுக்கு அது போதும். வீட்டில் விட்டுப்போன இடத்தைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும், மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட வேண்டும். அந்த ஒரு ஆசையில்தான் அவன் அந்த வேலையில் மாடாக உழைத்தான்.

டி.ஜி.எம். பகவதிப்பெருமாள் நாகர்கோவில்காரர். எதையும் உதாரணத்தோடு சொன்னால்தான் கையெழுத்துப் போடுவார். "ஒண்ணு செத்தா மத்ததுக்கு எப்பிடி வேய் தெரியும்?" என்று கேட்டார்.

கல்யாணராமன் தன் வீட்டு வழக்கத்தையே சொன்னான். தினமும் விளக்கு வைத்ததும் சுப்ரியா அவன் மொபைலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அவன் வீட்டு ஃபோனுக்குத் திரும்ப ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், இருக்கிறேன், நேரமாகும் என்று அர்த்தம். காலணா செலவில்லை. இந்த இரண்டு சர்வருக்கும் நடுவில் ஒரு கேபிள் இருக்கும். அதன் வழியாக ஒன்றுக்கொன்று ஓயாமல் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஹார்ட்பீட் என்று அதற்குப் பெயர்.

"பதில் வரலேன்னா?"

"ஒண்ணு தப்பினா சும்மா இருக்கும் சார். ரெண்டு தப்பினாலும் இருக்கும். மூணும் தப்பினா, போயாச்சுன்னு முடிவு பண்ணிண்டு இது போய் உக்காந்துடும்."

"வாடிக்கைக்காரனுக்கு?"

"ஆள் மாறினதே தெரியாது. தெரியாம இருந்தாத்தான் நாம செஞ்சது சரி."

பகவதிப்பெருமாளுக்கு அது வெகுவாகப் பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, "மெஷினுக்கு மட்டும் போருமா, ஆளுக்கும் ஒரு ஸ்டாண்ட்பை வேணும்லா, கேட்டீரா?" என்று சொல்லி, பாறசாலைப் பக்கத்திலிருந்து பிரபின் என்ற இன்ஜினீயரை அவனுக்குக் கீழே நியமித்தார். கறிவேப்பிலைக்குத் தான் கறிவேப்பிலை என்று தெரிகிற தருணம் ஒன்று உண்டு. கல்யாணராமன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

புதுச் சர்வர்களுக்கு இடம் கிடைத்தது கீழ்த்தளத்தில், பழைய லாக்கர் அறையில். முழங்கை நீளக் கனத்தில் கருங்கல் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் இல்லை. உள்ளே போனால் வெளியே மழை பெய்கிறதா வெயிலடிக்கிறதா தெரியாது. ஏ.சி.யின் குளிர் எலும்பில் இறங்கும். பழைய இரும்பின் துரு வாசனையும் புது பிளாஸ்டிக்கின் வாசனையும் கலந்து நெஞ்சைக் குமட்டும். இரண்டு மெஷினின் விசிறிகளும் சேர்ந்து ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அங்கே மொபைலுக்கு சிக்னல் கிடையாது. முதல் சில நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மறக்காமல் வராந்தாவுக்கு ஓடிப் போய் மிஸ்டு காலை வாங்கித் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் ஒரு நாள் வேலை மும்முரத்தில் மொபைலை மேலே மேஜையிலேயே விட்டுவிட்டு மறந்தான். மறுநாளிலிருந்து அவளே கூப்பிடவில்லை. நல்லதாய்ப் போயிற்று, என் கஷ்டம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த நாளுக்குப் பிறகுதான் வீட்டில் குத்தல் பேச்சு ஆரம்பித்தது.

படுக்கை சூடாக இருந்த அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் கௌசிக் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டே வந்து, "அப்பா, முதலைக் கதை பாக்கி இன்னிக்குச் சொல்லணும், கேட்டேளா" என்றான்.

"எந்த முதலை?"

"நேத்திக்குப் பாதி சொன்னேளே. கிள்ளியாத்துல வந்துதே, பாலத்துக்கு அடியில."

சுப்ரியா அடுப்பைப் பார்த்தபடி சிரித்தாள். குழந்தையையும் குத்திப் பேசப் பழக்கிவிட்டாளே என்று கல்யாணராமனுக்குச் சுருக்கென்றது. குத்திக் காட்டினால்தான் என்ன தப்பு, கதை சொல்லாத அப்பன்தானே. காப்பியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கிளம்பினான்.

கிளம்பும்போது கொடியில் அவனுடைய எட்டு முழ வேஷ்டி ஈரமாகத் தொங்கியது. அவன் வேஷ்டி கட்டி மாதக்கணக்காகிறது. சுப்ரியாவின் தலையில் பிச்சிப்பூ. யார் வாங்கினது என்று கேட்டதற்கு, "நன்னாருக்கு கேள்வி" என்று கன்னம் சிவந்து உள்ளே போனாள். வேறு புருஷனாக இருந்தால் தப்பாகத் தோன்றியிருக்கும். அவனுக்கும் தோன்றியது. அன்று பூராவும் தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் அடுத்த நாள் பேச்சுவாக்கில் எதிர்வீட்டு சிவகாமியம்மாள் அவனைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தாண்டாப்பா ஆத்துல விளக்கு ஏத்தற நேரத்துக்கு உன்னைக் காண முடியறது. சுப்ரியா முகத்துல சிரிப்பு வந்திருக்கு" என்றாள். அந்த அம்மாளுக்குக் கண்ணில் புரை. அவனும் சரி மாமி என்று சொல்லிவிட்டு நடந்தான். நடக்கும்போது கால் ஏனோ தரையில் சரியாகப் பாவவில்லை.

சோதனை நாள் வந்தது. கிளைகளெல்லாம் மூடின பிறகு, சாயங்காலம், அவனும் பிரபினும் லாக்கர் அறையில் இருந்தார்கள். முதல் சர்வரிலிருந்து நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்க வேண்டும், இரண்டாவது எழுந்து உட்கார்கிறதா பார்க்க வேண்டும். கல்யாணராமன் தன் கையாலேயே பிடுங்கினான்.

கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது மெஷினின் விளக்குகள் படபடவென்று எரிந்தன. மேல் மாடியில் உட்கார்ந்து கணக்குத் தட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் இன்டர்காமில் கேட்டார்கள். ஒன்றும் தெரியவில்லையே, எல்லாம் எப்போதும் போலத்தானே இருக்கிறது என்றாள்.

"கலக்கிட்டீங்க சாரே" என்றான் பிரபின்.

கல்யாணராமன் பிடுங்கி விட்ட முதல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திரையில் தன்னை இன்னும் எஜமானன் என்றே எழுதி வைத்திருந்தது. அது தன்னை உயிரோடு இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

"இதைத் திருப்பிச் சொருகினா என்ன ஆகும்?" என்று தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டான்.

"அய்யோ, வேண்டாம் சாரே. ரெண்டும் நான்தான் ஆளுன்னு ஒரே டிஸ்க்குல எழுதும். டேட்டா மொத்தம் நாசமாப் போவும். அதுக்கு வழி இருக்கு அல்லே." பிரபின் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "இடத்தைப் பிடிச்சவன் முதல்ல செய்ய வேண்டிய காரியம் அதாக்கும். பழைய ஆளுக்குக் கரண்டைக் கட் பண்ணி விடணும். செத்தவன் எழும்பி வந்தா வீடு ரெண்டாப் போவும். எழும்பாதபடிக்கு ஒரு போடு போட்டுட்டுத்தான் உக்காரணும்."

ஏ.சி. முனகியது. கல்யாணராமனின் கழுத்துக்குப் பின்னால் குளிர் ஒரு விரலாக ஊர்ந்தது.

சாப்ட்டுட்டு மறுபடியும் எங்கே போயிருந்தேள். நேத்திக்குப் பாதி சொன்னேளே. இப்பத்தாண்டாப்பா உன்னைக் காண முடியறது. குத்தல் என்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்ட பேச்செல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றிலும் ஊசி இல்லை. எல்லாம் வெறும் வாழைப்பழம்.

அவன் வராந்தாவுக்கு ஓடினான். மொபைலை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தான். சிக்னல் வந்தது. எடுக்காத அழைப்புகளின் பட்டியலில் வீட்டு நம்பர் மூன்று முறை இருந்தது. அவன் மறந்துபோன அந்த ஒரு சாயங்காலத்தில், அடுத்தடுத்து மூன்று. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு ஃபோன் போட்டான். மிஸ்டு கால் இல்லை, முழு அழைப்பு.

"ஹலோ, ஆராணு?" கௌசிக்கின் குரல்.

"கௌசிக், நான்டா. அம்மாவைக் கூப்பிடு."

"அம்மா கோயிலுக்குப் போயிருக்கா. அப்பா இருக்கா. சந்தியாவந்தனம் பண்ணிண்டிருக்கா." குழந்தை ஒரு நிமிஷம் தயங்கியது. "ஆராக்கும் விளிச்சதுன்னு சொல்லணும்?"

கல்யாணராமன் வாயைத் திறந்தான். மறுமுனையில், குழந்தைக்குப் பின்னால், பஞ்சபாத்திரத்தில் உத்தரணி இடிக்கும் மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. யாரோ கவனித்துக் கேட்பது போல நின்றது. லைன் துண்டிக்கப்பட்டது.

பிரபினிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சைடு பை உள்ளேயே கிடந்தது. கிழக்கேகோட்டை வரை ஒரு பஸ், அதன் பிறகு நடை. சாலைக் கடைவீதி முழுக்க ஜனம். காய்ந்த மிளகாயின் காரம் மூக்கைத் துளைத்தது. தேங்காய்ப் பிண்ணாக்கும் சுக்கும் கருவாடும் நனைந்த சாக்கும் கலந்த அந்த வாசனையில்தான் அவன் சின்ன வயதிலிருந்து வளர்ந்தான். இன்று அது எங்கோ தூரத்திலிருந்து, வேறு யாருடைய மூக்குக்கோ போவது போல வந்தது. ஆரியசாலை திரும்பும்போது கரண்ட் போயிற்று. தினசரி அரை மணி நேரக் கட். கடைகளில் ஒவ்வொன்றாகப் பெட்ரோமாக்ஸும் மெழுகுவர்த்தியும் எரிய ஆரம்பித்தன. சுவரெல்லாம் நிழல்கள் மூட்டை தூக்கிக்கொண்டு நடந்தன.

பிச்சைக்கனியின் பலசரக்குக் கடை. திருநெல்வேலிக்காரர், வீட்டுக்கு மாதச் சாமான் அவரிடம்தான். மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்து இவன் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சாமி, இப்பத்தான வாங்கிட்டுப் போனீக. எதையும் மறந்து வச்சுட்டீகளா?"

"நானா? என்ன வாங்கினேன்?"

"கறுப்பு எள்ளுல்லா கேட்டீக." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. மெழுகுவர்த்தியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து, தரையில் இவன் கால் இருக்கும் இடத்தைப் பார்த்தார். பின்னுக்குப் போய், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாணராமன் குனிந்து தன் காலைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. நடந்தான்.

அக்ரகாரம் இருட்டில் கிடந்தது. இரண்டு பக்கமும் வீடுகளில் எண்ணெய் விளக்கு. யார் வீட்டிலோ சாம்பார் கொதிக்கும் வாசனை. ஒரு வீட்டில் குக்கர் சத்தம் கொடுத்து அடங்கியது. நாய் ஒன்று எழுந்து, இவன் பக்கம் மூக்கை நீட்டி, குரைக்காமல் வாலை இடுக்கிக்கொண்டு சந்துக்குள் போயிற்று.

அவன் வீடு. கதவு சாத்தியிருந்தது. வாசல் ஜன்னல் திறந்திருந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான்.

குத்துவிளக்கின் வெளிச்சம். கௌசிக் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். சுப்ரியா குனிந்து ரசம் விட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு எதிரில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். சட்டை இல்லை. பூணூல். உச்சியில் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? அது தன்னுடையதுதானா என்று கல்யாணராமனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்பறம் அந்த முதலை என்ன பண்ணித்துத் தெரியுமோ" என்றது அந்த முதுகு.

குரல் தெரிந்தது. அவன் குரல். ஆனால் அவசரமே இல்லாத குரல். அவன் என்றைக்கும் அப்படிப் பேசியதில்லை.

கௌசிக் சிரித்தான். வாயில் சோற்றோடு, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்பையும் அவன் கேட்டதில்லை.

சுப்ரியா நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். கையிலிருந்த கரண்டி ஆடவில்லை. அதைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கதவு திறந்தது. சங்கிலி போட்டபடி, ஒரு சாண் அளவுக்கு.

"சத்தம் போடாதேங்கோ. குழந்தை சாப்பிடறது."

"சுப்ரியா. நான்தான்."

"தெரியும்."

தெரியாது என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பான், தெருவைக் கூட்டியிருப்பான்.

"உள்ளே இருக்கறது யாரு?"

"நான் கேக்கலை. அவரும் சொல்லலை." தாழ்ந்த குரலில், பால்காரனிடம் கணக்குப் பேசுவது போல நிதானமாகச் சொன்னாள். "அன்னிக்குக் குழந்தைக்குப் பனி. உடம்பு தணலாக் கொதிக்கறது. கண்ணு மேலே போயிடுத்து. மூணு தடவை விளிச்சேன்."

"கௌசிக்குக்கு ஜுரமா? எப்போ?"

"பாத்தேளா" என்றாள். அதில் கோபம் இல்லை. "மூணாந்தடவை ரிசீவரை வெச்சுட்டுத் திரும்பறேன், வாசல்ல செருப்பு கழட்டற சத்தம். வந்தார். குழந்தையைத் தூக்கிண்டு டாக்டராத்துக்கு ஓடினார். விடியற வரைக்கும் நெத்தியில துணி போட்டுண்டு உக்காந்திருந்தார். அப்பவே எனக்குத் தெரிஞ்சது, இது நீங்க இல்லைன்னு."

"தெரிஞ்சுமா?"

"நீங்கன்னா வந்திருக்கமாட்டேளே."

அவன் சங்கிலியைப் பிடித்தான். இரும்பு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. ஒன்றுமே தெரியவில்லை.

"நான் உள்ளே வரேன். கதவைத் திற."

"ஒரு ஆத்துல ரெண்டு பேர் இருக்க முடியாது. குழந்தை பயந்துடும்." அவள் கண் நிறைந்திருந்தது. அதை அவள் துடைக்கவில்லை. "உங்க மேல எனக்குக் கோபமொண்ணும் இல்லை. பாவம், எங்கேயாவது நன்னா இருங்கோ."

உள்ளேயிருந்து அந்தக் குரல், சுப்ரியா, நேரமாயிடுத்து என்றது. மிருதுவாகச் சொன்னது. அவள் திரும்பிப் போனாள். கதவு அதே ஒரு சாண் திறப்பில் நின்றது. உள்ளே பாத்திரம் நகரும் சத்தம். ஏதோ பொட்டலம் பிரிக்கும் சத்தம். காகிதம் கிழிந்தது.

அவள் வந்தாள். கையில் வாழையிலைத் துண்டு. சங்கிலியை எடுத்தாள். குனிந்து வாசற்படியில் இலையை வைத்தாள். சோற்று உருண்டை. அதன் மேலெல்லாம் கறுப்பு எள். விளக்கு வெளிச்சத்தில் எறும்பு மொய்த்தது போல இருந்தது.

இரண்டடி பின்னால் போய் நின்றாள். அவனைப் பார்த்தாள். நேராக அவனைத்தான் பார்த்தாள்.

"கா" என்றாள் மெல்ல. "கா... கா..."

கௌசிக் எச்சில் கையை நக்கிக்கொண்டே ஓடி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, விளக்கு வெச்சப்பறம் காக்கா வருமா?"

"வந்தாச்சுடா."

குழந்தை தலையை நீட்டி வாசலைப் பார்த்தது. கண் அகன்றது.

"ஆமாம்மா. எத்தனை வலுது, எவ்ளோ பெரிசு."

மகனின் பெயரைச் சொல்லக் கல்யாணராமன் வாயைத் திறந்தான். தெருக் கோடி வரை ஒரு சத்தம் கரகரவென்று போயிற்று. அது தன் தொண்டையிலிருந்து வந்தது என்று நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. வாயை மூடினான்.

எள் வாசனை.

பசி. மத்தியானத்திலிருந்து பசி.

கையை நீட்டப் பார்த்தான். இரண்டு கைகளும் முதுகோடு ஒட்டி, மடிந்து, பின்னாலேயே கிடந்தன. சுப்ரியாவுக்குப் பின்னால் அந்த ஆள் எழுந்து வந்து, குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். முகம் இருட்டில் இருந்தது. பொறுமையாகக் காத்திருந்தான்.

கல்யாணராமன் கழுத்தை மட்டும் வளைத்துக் குனிந்தான். சோறு இன்னும் சூடாக இருந்தது.